தம்பி, அதுக்குப் பசியில்லை, குளிருது

தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பின மூண்டு படத்தையும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தன். வட்ஸ்அப்பில பதில் எழுத வெளிக்கிட அது நீண்டுகொண்டே போச்சு, அதான் ஈமெயில். ஆறுதலா இருந்து வாசி, வாசிச்சு முடியிறதுக்குள்ள ஓடிப்போய் உரப்போத்திலைத் திறந்து போடாதை.

நீ கஞ்சாக் கண்டு வைச்சிருக்கிறன் எண்டு முதல் நாள் சொல்லேக்க நான் பேசாமல் போனைக் கட் பண்ணினது ஞாபகம் இருக்கும். ஊரில அந்தச் சொல்லை வாயால சொன்னாலே சனம் திரும்பிப் பாக்கும், எனக்கு உடன சிரிச்சுக்கொண்டு கதைக்க வருமே. பேந்து யோசிச்சன், 2018 ஒக்ரோபர் 17 இல இருந்து இந்தக் கனடாவில அது சட்டப்படி சரி, ஒன்ராறியோவில வீட்டுக்கு நாலு கண்டு வைக்கலாம், நீயும் வயசுக்கு வந்தவன், நிக்கல் மைனில பொறுப்பா வேலை செய்யிறாய், நான் என்னத்தைச் சொல்ல. உன்ர அப்பப்பா காலம் முழுக்கப் புகையிலைத் தோட்டம் செய்துதான் எங்களைப் படிப்பிச்சவர், அந்த மனுசன் ஒரு சுருட்டுக்கூடப் பத்தினதில்லை. அவற்ற பேரனுக்கு வந்த ஆசை இது. நாலு எண்டது வீட்டுக்கு நாலு, ஆளுக்கு நாலு இல்லை, உன்னோட இருக்கிற பெடியன் தானும் நாலு வைக்கப் போறன் எண்டா விடாதை. வாடகை வீட்டு லீஸில உதைப்பற்றி என்ன எழுதியிருக்கு எண்டும் வடிவா வாசி.

சரி, படத்துக்கு வாறன். தண்டு ஊதா அடிச்சிருக்கு, கீழ் இலையள் கறுத்த பச்சை, ஒண்டு ரெண்டு மஞ்சள், ஐஞ்சு கிழமைக் கண்டு மூண்டு கிழமைக் கண்டு மாதிரி நிக்குது. நீ எழுதியிருக்கிறாய் பொஸ்பரஸ் காணாது போல, என்ன உரம் போடுறது எண்டு. ஆனா மூண்டாவது படத்தில மூலையில உன்ர கால் தெரியுது, கவனிச்சனியே? ரெண்டு சோடி சொக்ஸ் போட்டிருக்கிறாய், ஒண்டுக்கு மேல ஒண்டு. நீ ரெண்டு சொக்ஸோட நிக்கிற அதே சிமெந்துத் தரையில உன்ர கண்டு வெறுங்காலோட நிக்குது.

அதுதான் வருத்தம். மண்ணில பொஸ்பரஸ் கிடக்கு, வேர் விறைச்சுப் போனா அதை இழுக்கேலாது, அவ்வளவுதான். இலையைப் பாத்தா பசிமாதிரித் தெரியும், எல்லாரும் உரத்தைக் கலந்து ஊத்துவினம், இழுக்கேலாத வேருக்கு மேல உப்பு சேரும், பேந்து இலை நுனி கருகும், உடன இது வேற ஏதோ குறை எண்டு வேற போத்தில் வாங்குவினம். நான் கிறீன்ஹவுஸில வெள்ளரிக்காயும் குடமிளகாயும் பாத்த வருசங்களில, கடைசியா ஒரு பக்கத்தைக் கஞ்சாவுக்கு மாத்தின காலத்திலயும், புதுசா வாற பெடியள் செய்த பிழை உதுதான். அங்க சூட்டுத்தண்ணிக் குழாயைத் தரையோடதான் விடுறவங்கள், வரிசைக்கு நடுவில, தள்ளுவண்டி ஓடுற தண்டவாளமும் அதே குழாய்தான். ஏன் மேல கூரையில மட்டும் விடாமல் கீழ விடுறாங்கள் எண்டு நான் முதல் குளிருக்கு யோசிச்சனான். கண்டுக்குக் காலில இருந்துதான் சூடு ஏற வேணும்.

அதால இண்டைக்கே பானையளைத் தரையில இருந்து கிளப்பு. ரெண்டு அங்குல மொத்தத்தில நீலம் அல்லது பிங்க் நிறத்தில விக்கிற ஃபோம் போர்ட், வீட்டுச் சுவருக்கு அடிக்கிறது, அதில ஒரு துண்டு வெட்டி, நீ கண்டு வளக்கிற துணிக்கூடாரம் இருக்கே, அந்த ரென்ற்றுக்குக் கீழ போடு, அதுக்கு மேல பலகை அடிச்ச தட்டு ஒண்டு வை, பானைக்குக் கீழ காத்து போகட்டும். காணாட்டி நாற்றுக்குக் கீழ வைக்கிற சூட்டுப் பாய், ஹீற் மற், வாங்கலாம், ஆனா சூட்டைக் கட்டுப்படுத்திற தெர்மோஸ்ரற்றோட வாங்கு, அதின்ர சூடு பாக்கிற கம்பியை மண்ணுக்குள்ள குத்தி 20, 21 டிகிரியில வை. தெர்மோஸ்ரற் இல்லாமல் விட்டா வேரை அவிச்சுப் போடும், குளிருக்குப் பயந்து நெருப்புக்குள்ள விழுந்த கதையாப் போயிடும்.

நீ ரென்ற்றுக்குள்ள 23 டிகிரி காட்டுது எண்டு எழுதினனீ, எனக்கு அதில நம்பிக்கை இல்லை. எத்தினை மணிக்குப் பாத்தனீ, லைற் எரியேக்க தானே? லைற்றுக்கு நேர கீழ தெர்மோமீற்றர் தொங்கினா அது லைற்றின்ர சூட்டைத்தான் காட்டும். மினிமம் மக்ஸிமம் ஞாபகம் வைச்சிருக்கிற தெர்மோமீற்றர் மலிவா விக்குது, ரெண்டு வாங்கு, ஒண்டு கண்டின்ர தலை மட்டத்தில நிழலா, மற்றது பானையின்ர அடியில. விடிய எழும்பி மினிமத்தைப் பார். லைற் எரியேக்க 24 க்கும் 27 க்கும் இடையில, லைற் நிண்டாப் பிறகு 18 க்குக் கீழ போகாமல், அப்பிடி நிண்டா நீ ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை. 15 க்குக் கீழ போனா வளர்ச்சி நிண்டமாதிரித்தான். உன்ர பேஸ்மென்ற்றில விடியக்காலமை 12 காட்டினாலும் நான் ஆச்சரியப்படமாட்டன், உங்க சட்பெரியில வெளியில மைனஸ் 30 அடிக்கிற நாள் இருக்குத்தானே. ஊரில தைப்பனி தரையைத் துளைக்கும் மாசிப்பனி மச்சைத் துளைக்கும் எண்டு அப்பாச்சி சொல்லுறவா, அவ உங்கட ஊர்ப் பனியைக் காணேல்லை.

இதுக்குக் காசு செலவில்லாத வேலை ஒண்டு இருக்கு. நீ லைற்றை ராத்திரி 12 மணிக்கு நிப்பாட்டி காலமை 6 க்குப் போடுறாய். எது கூடக் குளிரோ அந்த நேரத்தில லைற்றை நிப்பாட்டி வைச்சிருக்கிறாய், மோனே. மாத்து. பின்னேரம் 6 மணிக்குப் போடு, அடுத்த நாள் மத்தியானம் 12 க்கு நிப்பாட்டு. 240 வாட் எல்ஈடி சூடு தராது எண்டு கடையில சொல்லுவாங்கள், அந்தக்கால 600 வாட் சோடியம் லைற்றோட பாத்தா குறைவுதான், ஆனா எரியிற கறன்ற் எல்லாம் கடைசியில சூடாத்தான் முடியும், அது உனக்கு 240 வாட் ஹீற்றர் மாதிரித்தான். பேந்து பூக்க விடேக்க 12 மணித்தியாலம் லைற், 12 மணித்தியாலம் இருட்டு. அப்ப இரவு 7 இல இருந்து காலமை 7 வரைக்கும் போடு, நேரத்துக்கு ஒரு விலை பிளானில இருந்தாயெண்டா கறன்ற் மலிவா இருக்கிற நேரமும் அச்சொட்டா அதுதான். பகல் இருட்டில ரென்ற் சிப்பைத் திறந்து திறந்து பாத்து வெளிச்சத்தை உள்ளுக்கு விடாதை.

காத்து இழுக்கிற ஃபானை ஃபுல் ஸ்பீடில விட்டிருக்கிறாய் போல, முதல் படத்தில ரென்ற்றின்ர பக்கமெல்லாம் உள்ளுக்கு ஒட்டிப்போய் நிக்குது. அது வெயில் காலத்துக்கு. இப்ப சூடான காத்தை எல்லாம் உறிஞ்சி வெளியில தள்ளிக்கொண்டிருக்கு. ஸ்பீடைக் குறை, அதுக்காக முழுக்க நிப்பாட்டாதை. உள்ளுக்கு வாற காத்து யன்னல் பக்கத்தாலையோ சுவர் வெடிப்பாலையோ வரக்கூடாது, வீட்டின்ர சூடான பக்கத்தால வரட்டும்.

நிப்பாட்டாதை எண்டதுக்குக் காரணம் ஈரம். 25 டிகிரியில ஈரப்பதன் 50 வீதம் எண்டு வை, அந்தக் காத்து 14 டிகிரியில இருக்கிற எதில பட்டாலும் தண்ணியா வேர்க்கும், உன்ர பேஸ்மென்ற் சுவர் சுலபமா 14. லைற் நிண்டு சூடு இறங்க ஈரப்பதன் மேல ஏறும். இப்ப சின்னக் கண்டில தெரியாது, பூ கட்டியா வந்த பிறகு உள்ளுக்க சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், வெளியில பாக்க நல்லா இருக்கும், விரலால விரிச்சுப் பாத்தா நடுவெல்லாம் மண்ணிறத் தூள். கிறீன்ஹவுஸில அப்பிடி ஒரு மூலை முழுக்க வெட்டிக் கொட்டினதை நான் கண்ணால கண்டனான், ஒரு ராத்திரி ஹீற்றிங் நிண்டதுக்கு.

ஹீற்றர் வைக்கிறதெண்டா எண்ணெய் நிரப்பின ரேடியேற்றர் மாதிரி நிக்குமே, அதை வை. ரென்ற்றுக்கு உள்ளுக்க இல்லை, வெளியில, அறைக்கு, சுத்திவர ஒரு மீற்றருக்குத் துணி பிளாஸ்ரிக் ஒண்டும் இல்லாமல். 1500 வாட்டில போட்டா அது மட்டுமே 12.5 அம்பியர் இழுக்கும், 15 அம்பியர் பிரேக்கரில லைற்றும் ஃபானும் அதோட சேந்தா நீ வேலையில நிக்கேக்க பிரேக்கர் விழும், பேந்து லைற்றும் இல்லை சூடும் இல்லை. அதால குறைஞ்ச செற்றிங், 600, 700 வாட் காணும். நேர சுவர்ப் பிளக்கில குத்து, பவர் பாரில குத்தாதை. பனிக்கட்டியில மீன் பிடிக்கப் போகேக்க கொண்டுபோற உன்ர புரொப்பேன் ஹீற்றரைப் பேஸ்மென்ற்றில கொளுத்திற யோசினை கனவிலயும் வரக்கூடாது. அது எரியேக்க வாற நச்சுவாயு, காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையில கொண்டுபோயிடும். எச்சரிக்கை அலாம் பற்றரி இருக்கோ எண்டு பார்.

தண்ணி. பைப்பைத் திறந்து உடன ஊத்துறாய் தானே, எனக்குத் தெரியும், சின்னனில இருந்தே அவசரம். இப்ப பைப்பில வாற தண்ணியில கையை வை, விறைக்கும். வாளியில பிடிச்சு மேல குசினியில ஒரு ராத்திரி வைச்சு அடுத்த நாள் ஊத்து. அடிக்கடியும் வேண்டாம், குளிரில கண்டு குடிக்கிறது குறைவு, பானையைத் தூக்கிப் பார், பாரமா இருந்தா விடு.

உதெல்லாம் எனக்குப் படிச்சு வந்த அறிவெண்டு நினைக்காதை. எங்கட ஸ்காபரோ வீட்டில முன் அறை யன்னலோட நிண்ட கறிவேப்பிலையை நீ மறந்திருக்கமாட்டாய். கிறீன்ஹவுஸில வேலை செய்யிறவன் நான், அந்தக் குளிருக்கு இலை கொட்டத் தொடங்க பசி எண்டு நினைச்சு உரத்தைக் கரைச்சு ஊத்தினன், பிறகும் கொட்ட இன்னும் ஊத்தினன். யன்னல் கண்ணாடியில முட்டின கொப்பு கறுத்துக் கிடந்ததைப் பாத்தும் விளங்கேல்லை. கடைசியா பானையைக் கவிழ்த்தா வேர் கூழ். அம்மா இண்டைக்கும் ரசத்துக்குத் தாளிக்கேக்க கடையில வாங்கின கறிவேப்பிலையைக் கையில வைச்சுக்கொண்டு என்னை ஒரு பார்வை பாப்பா.

ஊதாத் தண்டு திரும்பப் பச்சையாகும் எண்டு காத்திருக்காதை, பழசு அப்பிடியே கிடக்கும், புதுசா வாற குருத்தைப் பார், பத்து நாளில தெரியும். சில சாதி இயற்கையாவே ஊதா, சில பேர் கடைசிக் கிழமையளில வேணுமெண்டே இரவுச் சூட்டைக் குறைச்சு பூவுக்கு நிறம் ஏத்துவினம், வடிவுக்குத்தான். உனக்கு உந்த விளையாட்டு இப்ப வேண்டாம்.

சித்திரைக்கு ஊருக்குப் போறம் தானே, பெட்டி அடுக்கேக்க உந்தச் சாமான்ர ஒரு தூள்கூட உடுப்பில இருக்கக்கூடாது. இந்த நாட்டுக்குள்ள சட்டப்படி சரி, எயார்போர்ட் தாண்டினா இல்லை.

அம்மாவுக்கு நீ தக்காளி எண்டு சொல்லியிருக்கிறாய். நானும் ஓம் தக்காளி எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறன். நான் இதை எழுதிக்கொண்டிருக்கேக்க தேத்தண்ணி கொண்டந்து வைச்சிட்டு, தக்காளிக்கு ஏன் பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டு எண்டு கேட்டிட்டுப் போறா. பதிலுக்கு நிக்கேல்லை.

சனிக்கிழமை விடிய மினிமம் எவ்வளவு காட்டுது எண்டு படம் எடுத்து அனுப்பு. என்ர போனுக்கு, ஃபமிலி குறூப்புக்கு இல்லை.

அப்பா