ப்ரூக்ளின் பிரிட்ஜ கட்டுனது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நியூயார்க்ல ஆத்துக்கு மேல மேன்ஹாட்டனையும் ப்ரூக்ளினையும் இணைக்குற தொங்குபாலம், ப்ரூக்ளின் பிரிட்ஜ் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். எங்க நின்னு செல்ஃபி எடுக்கணும், எத்தன மணிக்கு போனா கூட்டம் இருக்காது எல்லாம் விவரமா போட்ருக்கீங்க, ஆனா வரலாறுக்கு மொத்தமே ஒரு வரிதான், அதுலயும் இன்ஜினியர் ஜான் ரோப்ளிங் கட்டி முடிச்சதா எழுதிருக்கீங்க. அது தப்பு சார். அவர் டிசைன் போட்டார், அவ்ளோதான். 1869ல டவர் எங்க வரணும்னு படகுத்துறைல நின்னு சர்வே பண்ணிட்டு இருந்தப்போ ஃபெர்ரி வந்து இடிச்சு கால் நசுங்கி, டெட்டனஸ் வந்து சில வாரத்துல செத்துட்டார். அஸ்திவார வேலையே அடுத்த வருஷம்தான் ஆரம்பிச்சுது.

பொறுப்பெடுத்தது மகன் வாஷிங்டன் ரோப்ளிங், அப்போ வயசு 32. பொண்ணு வீட்டுக்கு போயிருந்தப்போ நானும் அந்த பாலத்துல நடந்தேன், நடுவுல உயரமா மரப்பலகை போட்ட நடைபாதை, ரெண்டு பக்கமும் கீழ கார் சர்ருனு போயிட்டே இருக்கும், தலைக்கு மேல கம்பிங்க வலை மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடுது. டவர் கல்லு மேல கைய வச்சு பாத்தேன், கரடுமுரடான கிரானைட். இந்த டவர் தண்ணிக்கு அடில எப்டி நிக்குதுங்குறதுதான் முக்கியமான கதை, அத யாரும் எழுதறதில்ல.

அடிப்பக்கம் திறந்த ராட்சச மரப்பெட்டிய, டம்ளர கவுத்து தண்ணில அமுக்குற மாதிரி ஆத்துக்குள்ள எறக்கி, தண்ணி உள்ள வராம காத்த பம்ப் பண்ணி, ஆளுங்க அதுக்குள்ள உக்காந்து மண்ண தோண்டுவாங்க, மேல கல்லு ஏற ஏற பெட்டி கீழ போயிட்டே இருக்கும். அந்த அழுத்தத்துலருந்து சட்டுனு வெளிய வந்தவங்களுக்கு ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கட்டி மூட்டு வலி, பக்கவாதம், சிலர் செத்தே போனாங்க. காரணம் அப்போ யாருக்கும் புரியல. மேன்ஹாட்டன் பக்கம் 78 அடி ஆழம் போனதும், இதுக்கு மேல போனா இன்னும் எத்தன உசுரு போகுமோன்னு வாஷிங்டன் பாறை வரைக்கும் போகாமலே நிறுத்திட்டார், அந்த டவர் இன்னிக்கும் மணல் மேலதான் நிக்குது. 1872ல அவருக்கும் அதே நோய் வந்து படுத்துட்டார். அப்புறம் வீட்டு ஜன்னல் வழியா தொலைநோக்கில வேலைய பாத்ததோட சரி.

சைட்டுக்கு போய் வந்தது அவர் மனைவி எமிலி. சும்மா சேதி சொல்லிட்டு வந்தவங்கன்னு நெனைக்காதீங்க, கணக்கு, கேபிள் வளைவு, எந்த பொருள் எவ்ளோ பாரம் தாங்கும்னு எல்லாத்தையும் கத்துக்கிட்டு பத்து வருஷத்துக்கு மேல இன்ஜினியர்ங்க கிட்ட நேரா பேசுனவங்க. டவர்ல அவங்க பேருக்கு ஒரு பலகை வச்சிருக்காங்க, எல்லாரும் அதுக்கு முதுக காட்டிட்டு போட்டோ எடுத்துட்டு இருக்காங்க. உங்க கட்டுரைல அவங்க பேரே காணோம்.

வயர் மோசடிய பத்தியும் ஒரு வார்த்த இல்ல. லாயிட் ஹெய்க்னு ஒரு கான்ட்ராக்டர், டெஸ்ட்ல பாஸான நல்ல வயர காட்டிட்டு வழில வண்டிய மாத்தி ரிஜெக்ட் ஆன வயர அனுப்பிட்டே இருந்திருக்கான், 1878ல கண்டுபிடிக்கறப்போ அதெல்லாம் கேபிள்ல ஏறிடுச்சு, பிரிக்கவும் முடியாது. நல்லவேளையா தேவைய விட ஆறு மடங்கு பலம் வச்சு டிசைன் பண்ணிருந்ததால, மட்டமான வயர் போயும் நாலு மடங்கு மிஞ்சும்னு கணக்கு போட்டு, ஒவ்வொரு கேபிளுக்கும் கூடுதலா 150 வயர் அவன் செலவுலயே போட வச்சாங்க. நம்மூர் கான்ட்ராக்ட் சேதி எல்லாம் தெனம் போடற பேப்பருக்கு இந்த கதை எப்டி கண்ணுல படாம போச்சோ தெரியல!

1883 மே 24 திறந்தாங்க, டவருக்கு டவர் 1595 அடி, அப்போ ஒலகத்துலயே நீளமான தொங்குபாலம். ஒரு வாரம் கூட ஆகல, யாரோ படில தடுக்கி விழுந்து கத்த, பாலம் இடிஞ்சு விழுதுன்னு புரளி கெளம்பி நெரிசல்ல 12 பேர் செத்தாங்க. மறு வருஷம் சர்க்கஸ்காரர் பார்னம் 21 யானைய அது மேல நடத்தி கூட்டிட்டு போனார், விளம்பரத்துக்குத்தான், ஆனா ஜனங்க பயமும் கொஞ்சம் போயிருக்கும்.

அடுத்த இணைப்புல ஒரு திருத்தம் போடுங்க, வாஷிங்டன், எமிலி ரெண்டு பேர் பேரும் வரட்டும். அப்டியே இன்னொண்ணு, கட்டுரைக்கு மேல பெருசா போட்ட போட்டோ, ரெண்டு செங்கல் கட்டடத்துக்கு நடுவுல நீல கலர் இரும்பு டவர் தெரியுதே, அது ப்ரூக்ளின் பிரிட்ஜே இல்ல, பக்கத்துல இருக்குற, 1909ல திறந்த மேன்ஹாட்டன் பிரிட்ஜ். அதையும் சேத்து திருத்திடுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்