நான் தூங்கியபோது விழித்திருந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி ஒன்றில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கயிறு அவிழ்த்துப் புறப்பட்ட எங்கள் படகு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் போய்க் கட்டி மாதங்கள் ஓடிவிட்டன. கூட வந்த ஒவ்வொருவருக்கும் அவரவருக்குப் புரியும் மொழியில் தனித்தனியாக நன்றி எழுதி அனுப்பிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அவர்கள் எனக்குச் செய்தது என்னவென்று என் மொழிக்காரர்கள் யாருக்கும் தெரியாது. என்னைப் பார்க்கிறவர்கள், “எப்படி வந்தது இவ்வளவு தைரியம்?” என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அந்தத் தைரியத்தில் பெரும்பகுதி பிறர் கொடுத்தது. கொடுத்தவர்கள் யார் யார் என்று நாலு பேர் அறியச் சொல்லவே இந்த மடல்.

போட்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகை முதன்முதலில் சுற்றி முடித்தவர் சர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தார். 312 நாள் அவரைச் சுமந்த ‘சுஹைலி’, மும்பையில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. கடலே பழக்கமில்லாத சாதாரண மக்களும் பெருங்கடலில் பந்தயம் ஓட வேண்டும் என்று அவர் ஆரம்பித்ததுதான் கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டி. முதல் பந்தயம் 1996இல் புறப்பட்டது. இப்போது ஓடுகிறவை 70 அடிப் படகுகள், எல்லாம் ஒரே வடிவம். முழுச் சுற்று ஏறத்தாழ 40,000 கடல் மைல். விரும்பினால் ஒரு கட்டத்துக்கு மட்டும் சேரலாம். படகின் தலைவரான ஸ்கிப்பரும் அவருடைய முதல் துணையும் தொழில்முறைக் கடலோடிகள். மற்ற எல்லாரும் என்னைப்போலப் பணம் கட்டிப் பயிற்சி எடுத்து வந்தவர்கள்தான். நான் போனது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியைக் கடக்கும் கட்டம், சுமார் 4,700 கடல் மைல்.

படகில் நாங்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருந்தோம். பகலில் ஆறு மணி நேரம், இரவில் நாலு மணி நேரம் என்று முறைவைத்து ஓர் அணி மேல்தளமான டெக்கில் நிற்கும், மற்றது கீழே தூங்கும். மூன்று வாரத்துக்கு மேல் இது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அப்படியானால் நான் கண்ணயர்ந்த ஒவ்வொரு வேளையும் எனக்காக யாரோ சுக்கானைப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றிருக்கிறார்கள். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதல் வரிசை இவர்கள்தான்.

குறிப்பாக, அடுத்த அணியிலிருந்து என்னை எழுப்ப வந்த ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநருக்கு. ஐயா, எங்கள் முறை தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது சிவப்பு வெளிச்சம் போட்ட தலைவிளக்கோடு வருவீர்கள். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், பக்கத்தில் தூங்குகிறவர்களையும் கலைக்கும் என்று அவ்வளவு கவனம். தோளைத் தொட்டு, பெயரைச் சொல்லி, நான் பதில் சொல்லும் வரைக்கும் நகரமாட்டீர்கள். “காற்று இருபத்தைந்து நாட் (மணிக்கு இருபத்தைந்து கடல் மைல்). மழை விட்டுவிட்டது. உள்ளே இரண்டு அடுக்கு போதும், கையுறை மட்டும் கட்டாயம். இடப்பக்கம் கயிறு ஈரமாகக் கிடக்கிறது, பார்த்துக் கால் வை.” இதைச் சொல்லிவிட்டு, சூடான கோப்பையைக் கையில் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துவிட்டேனா என்று பார்த்தபிறகுதான் போவீர்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருக்கும். தரை எது சுவர் எது என்றே புரியாது. தூக்கத்தில் ஒரு காலைக் காற்சட்டைக்குள் விடுவதற்கே பத்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் சொன்ன நாலு வரி எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை, பிறகு அடுத்தவரை எழுப்பும் முறை எனக்கு வந்தபோதுதான் முழுசாக உணர்ந்தேன். நானும் உங்களைப் போலவே சொல்லிப் பழகினேன்.

முதல் சில நாள் எனக்குக் கடல் நோய். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. பல் மருத்துவரான தோழி வாளியைக் கழுவிக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பிறகு, “படுத்தே கிடக்காதே, மேலே வா” என்று டெக்குக்கு இழுத்துப்போய்ச் சுக்கானைப் பிடிக்கச் சொன்னாள். கண் அடிவானத்தில் நின்று, கை படகின் அசைவைத் தெரிந்துகொண்டதும் குமட்டல் மெல்ல அடங்கியது. அவளுடைய ஓய்வு நேரத்தை எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

உப்பிலும் ஈரத்திலும் விரல் நுனிகள் வெடித்துப் பிளந்தபோது, ஒவ்வொரு விரலையும் நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, மருந்து தடவி நாடா சுற்றிவிட்ட செவிலியருக்கும் நன்றி. கட்டு அவிழாமல், பாய்க் கயிற்றை இழுக்கும் விஞ்ச் உருளையைச் சுற்ற முடிந்தது.

இனிப் பாய் தைத்த இருவர். இவர்களைப் பற்றி நீளமாகத்தான் எழுதுவேன். கடலோடி என்றதும் சுக்கான் பிடிப்பவரும் பாய்மரத்தில் ஏறுபவரும்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறார்கள். எங்கள் படகை வேகமாக ஓட்டியதில் தையல் இயந்திரத்துக்கு அதற்குக் குறையாத பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

பின்காற்றில் ஏற்றும் ஸ்பின்னேக்கர் என்ற பாய் மிக மெல்லிய நைலான் துணி. பரப்போ மிகப் பெரியது. ஒரு பின்னிரவில் திடீர்க் காற்று அடித்து, அது மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. எல்லாருமாகச் சேர்ந்து இழுத்துக் கீழே திணித்தோம். எங்கள் முறை முடிந்து நாங்கள் படுக்கப் போனோம். அந்த இருவர் போகவில்லை. கீழ்த்தளத்தின் நடுவில் துணியை மடிமடியாக விரித்து, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் தேடிப் பிடித்தார்கள். உப்பு ஏறிய துணியில் ஒட்டுத்துணி ஒட்டாது. அதனால் ஒவ்வொரு சாண் துணியையும் நல்ல தண்ணீரில் துடைத்து, ஸ்பிரிட் தடவி, காயவைக்க வேண்டும். காயவைக்க அங்கே ஏது வெயில்? ஒருவர் ஊதினார், ஒருவர் துண்டால் ஒற்றினார். பிறகு இரண்டு ஓரத்தையும் சுருக்கமில்லாமல் சேர்த்து ஒட்டுத்துணி போட்டு, நகத்தால் தேய்த்து, அதன்மேல் தையல். படகு அலையில் தூக்கிப் போடும்போதெல்லாம் இயந்திரம் நகரும். ஒருவர் அதை மார்போடு அணைத்துப் பிடிப்பார், மற்றவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுவார். இரண்டு பகல், இரண்டு இரவு. சமைத்தவர்கள் உணவுத் தட்டை அவர்கள் தலைக்கு மேலாகத்தான் நீட்டினார்கள். ஒருவர் கணக்காளர், மற்றவர் வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியை. இரண்டு பேருமே போட்டிக்குப் பதிவுசெய்த பிறகுதான் தையல் கற்றுக்கொண்டவர்கள். அந்தப் பாய் மறுபடியும் ஏறி, ஒரு சத்தத்தோடு விரிந்து காற்றைப் பிடித்தபோது டெக்கில் எல்லாரும் கத்தினோம். ஃப்ரீமாண்டில் வரைக்கும் அந்தத் தையல் விடவில்லை.

ஸ்கிப்பரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். எந்தக் காற்றிலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

பயிற்சி கொடுத்தவர்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில், நாலு நிலைப் பயிற்சியில், ஆள் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்பதைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். பொம்மையைத் தூக்கிப் போடுவார்கள். ஒருவருடைய ஒரே வேலை, கையை நீட்டி அதைக் காட்டிக்கொண்டே இருப்பது. கண்ணை எடுக்கக் கூடாது. படகு பத்து நாட் வேகத்தில் ஓடினால் ஒரு நிமிடத்தில் முந்நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும், அலை இடுக்கில் ஒரு தலை தெரிவது சில நொடிதான். கை மரத்துப் போகும்வரை நீட்டவைத்த அந்தப் பயிற்சியாளர்களுக்கு என் வணக்கம். 2014இல் இதே போட்டியில், பசிபிக் நடுவில் விழுந்த ஒருவரைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு தூக்கினார்கள். பயிற்சி வீண்போகாது என்று அதைக் கேட்டுத்தான் நம்பினேன்.

எல்லாரும் திரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பரில், நாங்கள் போன இதே கடற்பகுதியில், படகின் முன்பகுதியான அணியத்தில் பாய் மாற்ற உதவிக்கொண்டிருந்த ஒருவர் கடலுக்குள் போனார். அவர் பாதுகாப்புக் கயிறு மாட்டியிருந்தார். அதன் கொக்கி டெக்கிலிருந்த ஒரு பிடிமானத்தின் கீழ் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து கழன்றுவிட்டது. அந்தக் கொக்கியை எடுத்துச் சோதித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, அடுத்த ஜனவரியிலேயே எல்லாப் பாய்மரக்காரர்களுக்கும் எச்சரிக்கை வெளியிட்டது பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு. கொக்கி எதிலும் மாட்டி நெம்பாதபடி கயிற்றை எங்கே, எப்படிக் கோக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த அறிக்கை இருந்ததால்தான். அதை எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. இருள் கவிந்த அணியத்தில், முழங்கால் வரை தண்ணீர் புரண்ட நேரங்களில் ஒவ்வொரு தடவையும் கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அவர்களுக்கும், அந்தத் துயரத்தைச் சுமந்த குடும்பத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கரையில் இருந்தபடியே கடலைக் காக்கிறவர்களையும் விட முடியாது. ஆஸ்திரேலியாவின் கடல்மீட்பு மையத்தின் பொறுப்பில் இருக்கும் பரப்பு பூமியின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 2018 செப்டம்பரில், கோல்டன் குளோப் என்ற தனியாள் உலகச் சுற்றுப் போட்டியில் போன இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு, எழ முடியாமல் கிடந்தது அந்தப் பரப்பில்தான். இந்தியக் கடற்படை விமானம் தேடிப் போனது. ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் போய் அவரைத் தூக்கியது. அவர் குணமாகி, 2023இல் அதே கோல்டன் குளோப் போட்டியை இரண்டாமிடத்தில் முடித்தார். மீட்பு மையத்தாரே, எங்களுக்கு உங்களைக் கூப்பிடும் தேவை வரவில்லை. ஆனால் பயணத்தின் பிற்பகுதியில் நாங்கள் ஒவ்வொரு இரவும் உங்கள் எல்லைக்குள்தான் இருந்தோம், நீங்கள் விழித்திருந்தீர்கள்.

இப்போது வீடு.

அத்தை, நீங்கள் முதலில் “வேண்டாம்மா” என்றீர்கள். முடிவு எடுத்தாகிவிட்டது என்று தெரிந்ததும், “பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போய்வா” என்றீர்கள். அதற்குப்பின் பேச்சை மாற்றவே இல்லை. படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் இணைய வரைபடத்தை மூத்தவளிடம் கேட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டீர்கள். தினமும் காலையில் எங்கள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கோடு போட்ட நோட்டில் குறித்து, எதிரே அன்றைக்குப் பிள்ளைகள் செய்ததை ஒரு வரியில் எழுதி வைத்தீர்கள். ஒரு பக்கத்தில் 43 டிகிரி தெற்கு என்று இருந்தது. எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது: ஆலங்கட்டி மழை முகத்தில் அறைந்துகொண்டிருந்தது, அல்பட்ரோஸ் ஒன்று சிறகை அசைக்காமல் கூடவே வந்தது. எதிரே உங்கள் கையெழுத்தில், “சின்னவனுக்கு முன்பல் விழுந்தது, அழவில்லை.” நான் இல்லாத நாட்களை நீங்கள் எனக்காகச் சேர்த்து வைத்தீர்கள், அத்தை. இதற்கு நன்றி என்பது போதவே போதாது.

என்னவருக்கு நேரில் சொல்லிவிட்டேன், இருந்தாலும் இங்கேயும் இருக்கட்டும். காலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பி, வேலைக்கும் போய், இரவில் அவர்கள் அம்மா எங்கே என்று கேட்டபோதெல்லாம் பயமில்லாத குரலில் பதில் சொன்னது நீங்கள்தான். உங்களுக்கே பயம் இருந்தது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்.

அலுவலகத்துத் தோழர்களே, பயிற்சிக்கும் பயணத்துக்குமாக நான் எடுத்த நீண்ட விடுப்பில் என் வேலையை உங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டீர்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற நேரத்தில்கூட என்னை ஒரு கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. உங்களில் ஒருவர் மலையேறப் போக வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்னொருவருக்கு அப்பாவோடு சில மாதம் இருக்க வேண்டும். தேதியை முடிவு செய்யுங்கள். உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ள முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மிக்க நன்றியுடன்,
உங்களில் ஒருத்தி