செல்விக்கு, லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது, திட்டாதே. போட்டோவைப் பார்த்துவிட்டு "என்னடி இது, எருமை மாதிரி" என்று கேட்டிருந்தாய். அதுதான் டஃப் மடர், தடைகளைத் தாண்டி ஓடும் சேற்று ஓட்டம். ஹென்லி பக்கம் ஒரு பெரிய எஸ்டேட்டில், 15 கிலோமீட்டர், வழியெல்லாம் சுவர், சேற்றுப் பள்ளம், ஐஸ் கொட்டிய தொட்டி. 1987இல் வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் ஒரு பண்ணையில் டஃப் கை என்ற பெயரில் ஆரம்பித்தது இந்த மாதிரிக் கூத்து. 2010இல் அமெரிக்காவில் டஃப் மடரைத் தொடங்கிய இருவரும் இங்கிலாந்துக்காரர்கள்தான், வேறு யாருக்கு இப்படித் தோன்றும்?

ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து இதை ஓடி ஸ்கூல் ஃபார் சோஷியல் ஆன்ட்ரப்ரனர்ஸுக்குப் பணம் திரட்டினோம். மைக்கேல் யங் என்ற சமூகவியலாளர் 1997இல் தொடங்கியது. ஊருக்கு உபயோகமாக ஒரு தொழில் நடத்த நினைப்பவர்களைத் தூக்கிவிடும் இடம். அங்கே சிலர் வட்டமாக உட்காருவார்கள், ஒருவர் தன் சிக்கலைச் சொல்ல மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும், அறிவுரை சொல்லக் கூடாது. (நம் சொந்தக்காரர்களை ஒரு வாரம் அங்கே கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும்.)

சேற்றைவிடப் பெரும்பாடு பணம் கேட்பதுதான். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்றால் யோசிக்காமல் கொடுப்பார்கள். "ஜெயிலிலிருந்து வந்த பெண்களை வேலைக்கு வைத்து பேக்கரி நடத்த நினைக்கிறாளே, அந்த மாதிரி ஒருத்திக்கு" என்று சொல்லிப் பார், "பேங்கில் லோன் வாங்கட்டுமே" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேங்க் பழைய கணக்கும் ஜாமீனும் கேட்கும், பெரிய அறக்கட்டளைகளோ ஏற்கெனவே செய்துகாட்டிய ஆளைத்தான் பார்க்கும். முதல் வருஷத்து வாடகைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் யாரிடம் போவாள்? அவள் தோற்றும் போகலாம். அதையும் சொல்லியே கேட்டேன், சிலர் அதனாலேயே கொடுக்கவில்லை, பரவாயில்லை. இன்னொன்று, ஓடுவதற்குக் கட்டும் கட்டணம் போட்டி நடத்தும் கம்பெனிக்குப் போகிறது, தர்மத்துக்கு இல்லை. இது பலருக்குத் தெரியாது. அதை நாங்கள் கைக்காசில் கட்டினோம்.

ஓட்டத்தைச் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய். எவரெஸ்ட் என்று ஒரு வளைந்த சுவர், ஏறஏறச் செங்குத்தாகும், முன்னால் போனவர்களின் சேறெல்லாம் அதன்மேல்தான். ஓடிப்போய்த் தாவினேன், சறுக்கி வந்தேன், மறுபடி தாவினபோது மேலே குப்புறப் படுத்திருந்த ஒரு பெரிய மனுஷர் என் மணிக்கட்டைப் பிடித்தார், சேற்றில் கை வழுக்க வழுக்க, விரல்களை முழங்கைப் பக்கம் நகர்த்தி நகர்த்தி இழுத்துப் போட்டுவிட்டார். நன்றி சொல்லத் திரும்பினால் அடுத்த ஆளை இழுத்துக்கொண்டிருக்கிறார். யார் எவ்வளவு நேரத்தில் ஓடினார்கள் என்று யாரும் குறிப்பதில்லை, கூட ஓடுகிறவர்களுக்கு உதவுவேன் என்று ஆரம்பத்திலேயே எல்லோரையும் சொல்லவைத்துவிடுகிறார்கள். கரன்ட் கம்பி தொங்கும் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன், வேண்டாமென்றால் விடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம், உன்னிடம் பணம் கேட்கமாட்டேன், பயப்படாதே. இங்கே வரி கட்டுகிறவர் தர்மத்துக்கு 10 பவுண்டு கொடுத்தால் கிஃப்ட் எய்ட் என்ற திட்டத்தில் அரசாங்கம் அதோடு இன்னும் 2.50 சேர்த்துத் தரும். நீ கொடுத்தால் அது சேராது. அந்தக் காசில் மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, ஆபரேஷனை இன்னும் எத்தனை நாள் தள்ளுவார்? என்ன சொன்னார்கள் என்று எழுது.

உன்,
மாலதி