இரண்டு நோட்டையும் ஒரே மேசையில் திறந்து பாருங்கள்

கடலூர் மாவட்டத்தில் மனநலச் சேவைகளை மதிப்பிட்டு அறிக்கை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என் தம்பிக்கு 19 வருடமாக மனச்சிதைவு நோய். அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார், இப்போது நான்.

எங்கள் வீட்டில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று மனநல ஓ.பி. நோட்டு, இன்னொன்று சுகர் நோட்டு. முதல் நோட்டில் மாதாமாதம் ஆங்கிலத்தில் ஒரே வரிதான் எழுதுவார்கள். ‘நிலையாக இருக்கிறார், அதே மாத்திரை தொடரலாம்’ என்று அர்த்தம். உங்கள் அறிக்கையில் என் தம்பி நல்ல கணக்கில்தான் வருவான். தவறாமல் வந்தார், மாத்திரை வாங்கினார், நிலையாக இருக்கிறார்.

அந்த வரி எழுதிய ஒரு மாதத்தில் அவன் மூன்று வாரமாகக் குளிக்கவில்லை. கொல்லைப் பலாமரத்தடியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டான். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். அதுவும் நோயின் சேட்டை என்றே நினைத்துவிட்டேன். கால் கட்டைவிரலில் புண் பார்த்த பிறகுதான் பயம் வந்து ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டார்கள், சொன்னேன். உடனே சீட்டைத் திருப்பிக் கொடுத்து, “முதல்ல மனநல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கம்மா” என்றார்கள். அங்கே போனால், “இது சுகர் மாதிரி தெரியுது, பொது ஓ.பி.யில காட்டுங்க” என்றார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருந்த சிமென்ட் பெஞ்சில் அவனை உட்காரவைத்துவிட்டு அழுதேன். “அக்கா, வீட்டுக்குப் போயிடலாம்” என்று அவன்தான் என் கையைப் பிடித்தான். சாயங்காலம் பரிசோதனை முடிவு வந்தபோது சுகர் 400-ஐத் தாண்டியிருந்தது.

மனநோய்க்கு அவன் சாப்பிடும் ஒலான்சபின் மாத்திரை எடையைக் கூட்டும், சுகரை ஏற்றும். மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு மாரடைப்பு, சுகர் போன்ற உடம்பு நோய்களால்தான். ‘ஒருங்கிணைந்த பராமரிப்பு’ என்ற சொல் உங்கள் கோப்புகளில் இருக்கும். இந்த இரண்டு நோட்டையும் ஒரே மேசையில் திறந்து பார்ப்பதைத்தான் நான் அப்படிப் புரிந்துகொள்கிறேன். அவன் எடையை யாராவது எழுதினார்களா, ரத்தப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நடந்தது என்று தயவுசெய்து கணக்கெடுங்கள்.

ஓ.பி. பக்கமே வராதவர்களை எப்படிக் கணக்கெடுப்பீர்கள்? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சிதைவு போன்ற கடுமையான நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. ஓ.பி. பதிவேட்டை மட்டும் புரட்டினால் அந்த மூன்று பேர் கண்ணில் படவே மாட்டார்கள். ஆறு மாதம் வந்துவிட்டு நின்றுபோனவரைத் தேடி யார் போனார்கள் என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். அம்மாவிடம் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் அவனை ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகி 28 பேர் செத்திருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு அம்மா அவனை அங்கே விட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

வீடு தேடிப் போனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். இங்கேயே செய்து பார்த்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கக் கிராமங்கள், கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா என மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போனார்கள். மாத்திரை, வேலை, குடும்பத்தின் கஷ்டம் எல்லாம் பேசினார்கள். ஒரு வருடத்தில் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, முன்னேற்றம் கொஞ்சம்தான். ஆனால் அது தெளிவாகத் தெரிந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில். அங்கே நோயின் அறிகுறியோடு நிறுத்தாமல், அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்பதையும் அளந்தார்கள். அதை இங்கேயும் செய்யச் சொல்லித்தான் கேட்கிறேன்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருகிறார், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பி.பி. மாத்திரை கொடுக்க. ஒருநாள் நான் கூப்பிட்டதும் உள்ளே வந்து தம்பிக்கும் பி.பி. பார்த்தார். கையை நீட்டச் சொன்னதும் நீட்டினான். “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டார். அவனை ‘அண்ணே’ என்று ஒருவர் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் சொல்லாமலே குளித்துவிட்டு வந்து நின்றான்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் முந்திரி உடைக்கப் போகிறான். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு மெதுவாகத்தான் உடைப்பான். சில நாள் பாதியிலேயே எழுந்து வந்துவிடுவான். அந்த மூன்று நாளும் உங்கள் படிவத்தில் இடம்பெற வேண்டும், பாதியிலேயே எழுந்து வந்த நாளும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவனுக்கு ஊரோடு வாழும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அவன் எப்படி வாழ்கிறான் என்று பார்க்க ஒருமுறை எங்கள் தெருவுக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது, இரவு மாத்திரையின் தூக்கம் அதற்குள் தெளிந்துவிடும். இரண்டு நோட்டையும் எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டத்திலிருந்து ஓர் அக்கா