கணினி இருக்க உனக்கு என்ன வேலை?

ஹைடெல்பெர்க்,
ஜேர்மனி.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். போன கிழமை அப்பா போனில் ஒரு கேள்வி கேட்டார்: “புரதத்தின் வடிவத்தைக் கணினியே கண்டுபிடிக்குதாம், அதற்கு நோபல் பரிசும் கொடுத்தாச்சாம். பிறகு உனக்கு அங்கே என்ன வேலை?” அம்மா இடையில் புகுந்து சாப்பாட்டைப் பற்றி விசாரித்ததில் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. விஞ்ஞான வாத்தியாருக்கு அரைகுறையாகச் சொல்லித் தப்ப முடியாது. ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்கு. சாப்பிடுகிறேன். பக்கத்து நகரத்துத் தமிழ்க்கடையில் புட்டு மாவும் மீனும் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை எல்லாம் பூட்டு, சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். குளிர் பழகிவிட்டது. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. உப்புவெளியில் அந்த நேரம் ஆட்கள் அப்போதுதான் கடற்கரைக்கு இறங்குவார்கள்.

சரி, அப்பாவின் கேள்வி. நீங்கள் பேப்பரில் வாசித்தது ஆல்பாஃபோல்ட் என்ற கணினி நிரல் பற்றி. அதைச் செய்த டெமிஸ் ஹஸாபிஸுக்கும் ஜோன் ஜம்பருக்கும் 2024இல் டேவிட் பேக்கரோடு சேர்த்து இரசாயனத்துக்கான பரிசு கிடைத்தது. நானும் அதைத் தினமும் பாவிக்கிறேன். தனிப் புரதம் என்றால் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் கலத்துக்குள் புரதங்கள் தனியே நின்று வேலை செய்வது குறைவு. பத்து இருபது சேர்ந்து ஒரு கூட்டமாகத்தான் இயங்கும். எது எதோடு ஒட்டுகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கிறது, வேலை நடக்கும்போது எந்தப் பக்கம் வளைகிறது என்பதையெல்லாம் கணினியின் ஊகத்தை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குத்தான் இலத்திரன் நுணுக்குக்காட்டி. 3 மில்லிமீற்றர் அகலமான சின்ன உலோக வலையில் புரதக் கரைசலைச் சொட்டாக விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்து, திரவ நைதரசனால் குளிரவைத்த எதேனுக்குள் சடாரென்று அமிழ்த்துவோம். பனிப் பளிங்கு உருவாக நேரமில்லாமல் தண்ணீர் அப்படியே இறுகிவிடும். 1980களின் தொடக்கத்தில் இதைச் செய்துகாட்டிய ஜாக் டுபோஷே அப்போது வேலை செய்தது இதே ஹைடெல்பெர்க்கில்தான். 2017இல் அவருக்கும் ஜோக்கிம் பிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

சிக்கல் அதற்குப் பிறகு. இலத்திரன் கூடினால் புரதம் சிதைந்துவிடும், ஆகவே கொஞ்சமாகத்தான் பாய்ச்சலாம். படத்தில் சாம்பல் நிற இரைச்சலுக்குள் ஒவ்வொரு புரதத் துகளும் மங்கலாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட இலட்சக்கணக்கான துகள்களைத் திசை பார்த்து அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் ஒரு முப்பரிமாண வரைபடம் வரும். அசையாத பகுதி அதில் துலக்கமாக இருக்கும், அசைகிற பகுதி கரைந்துபோகும். கோணேசர் கோவில் கொடியேற்றத்தன்று ஒரே இடத்தில் நின்று நூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எப்படி இருக்கும்? கொடிமரம் கல்லுப்போல் நிற்கும், கொடி இருந்த இடத்தில் ஒரு புகைதான் மிஞ்சும்.

அந்தப் புகைக்குள் அணுக்களை வைப்பதுதான் என் வேலை. ஒரு சென்ரிமீற்றரின் 10 கோடியில் ஒரு பங்கை ஒரு ஆங்ஸ்ட்ரொம் என்கிறோம். வரைபடத்தின் தெளிவு 3 ஆங்ஸ்ட்ரொம் அளவில் இருந்தால் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் தெரியும், இது எது என்று அடையாளம் சொல்லலாம். 8 ஆங்ஸ்ட்ரொம் என்றால் சங்கிலி சுருண்டிருக்கும் பகுதிகள் வெறும் தடிகளாகத்தான் இருக்கும். ஒரே வரைபடத்திலேயே நடுப்பகுதி மூன்றாகவும் ஓரம் எட்டாகவும் இருக்கும். ஆனால் கட்டுரைகளின் தலைப்பில் ஒரே ஒரு இலக்கம்தான் போடுவார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு.

4 ஆங்ஸ்ட்ரொம் அளவில்தான் மோசமான பிழை ஒளிந்திருக்கும். சங்கிலி போகும் பாதை சரி, ஆனால் அமினோ அமிலங்கள் ஒரு இடம் தள்ளி அமர்ந்துவிடும். வெளியே பார்த்தால் அழகாகப் பொருந்தும், உள்ளே வரிசை முழுக்கப் பிழை. ஆல்பாஃபோல்டின் ஊகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான் பெரிய உதவி. ஆனால் ஊகத்தை வரைபடத்துக்குள் இடித்துத் திணிக்கிற ஆசையும் அங்கேதான் வரும். வெறும் இரைச்சல் படங்களை எடுத்து, ஐன்ஸ்டைனின் படத்தோடு ஒத்துப்போகும்படி அடுக்கினால், சராசரியில் ஐன்ஸ்டைனின் முகமே வந்துவிடும் என்று 2013இல் ஹெண்டர்சன் எச்சரித்தார். அதனால்தான் தரவை இரண்டு பாதியாகப் பிரித்து, தனித்தனியே கணித்து, இரண்டும் எதுவரை ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறோம்.

அசையும் பகுதி கரைந்துபோவதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கலத்தின் கருவைச் சுற்றியுள்ள சவ்வில் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையும் ஏறக்குறைய முப்பது வகைப் புரதங்களால் ஆனது, மொத்தம் ஆயிரம் அளவில் பிரதிகள். நுணுக்குக்காட்டிப் படங்களையும் கணினி ஊகங்களையும் சேர்த்து மனிதக் கலத்துத் துளையின் சட்டகத்தை 2022இல் மிக விரிவாகக் கட்டிவிட்டார்கள். ஆனால் நடு வழியில் நின்று எதை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் இழைகளுக்கு நிலையான உருவமே இல்லை. அவை வரைபடத்தில் துலங்குவதும் இல்லை. முக்கிய வேலை செய்வதே தெரியவில்லை, பாருங்கள்!

நாங்கள் ஆராயும் புரதக் கூட்டம் அந்தத் துளையைவிட மிகச் சிறியது. அதில் ஒரு மூலைக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்க முடியவில்லை. அங்கே ஏதோ புரதம் இருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை. இரண்டு புரதங்கள் மேல் சந்தேகம். அடுத்த மாதம் ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி படம் எடுப்போம். அதுவரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுத்தான் கட்டுரையை அனுப்ப வேண்டும் என்று நான் சொல்கிறேன். என்னோடு வேலை செய்பவர் ஒருவர் நிரப்பிவிடலாம் என்கிறார். வாக்குவாதம் தொடர்கிறது.

தம்பியின் சோதனை முடிந்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் “ம்” போடுவதோடு நிற்கிறான். சித்திரையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலுக்குப் போகலாம் என்று இங்குள்ள பிள்ளைகள் சொல்கிறார்கள். லீவு கிடைத்தால் நானும் போவேன். அப்பா இரத்த அழுத்தக் குளிசையை நேரத்துக்கு எடுங்கள்.

அன்பு மகள்