ஊற்றுக்கண்ணைப் பார்த்துவிட்டேன்

பூம்பாறை
ஜனவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. மதுரைக்கு இரண்டு தடவை அழைத்துப் போய் வந்தேன். இப்போது கைத்தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். மலைப்பூண்டு இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. வீடு முழுக்க அந்த வாசனைதான்.

நவம்பரில் நீ லாரியில் ஏற்றி அனுப்பிய டைவிங் காற்றுச் சிலிண்டர் இரண்டும் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். போன ஞாயிறு தண்ணீரில் இறங்கினேன். தனியாக.

கோபப்படாமல் முழுதும் படி.

இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே என் வீட்டுக்காரியின் மாமாவுக்குப் பேரிக்காய்த் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மேல்கோடியில் கருங்கல் கட்டிய குளம். அதற்கும் மேலே சோலைக்காடு. பெய்கிற மழையை அந்தக் காட்டு மண் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பாறை இடுக்கு வழியாக அது மெல்ல இறங்கி, கெட்டிப் பாறை தடுக்கிற இடத்தில் வெளியே வருகிறது. அந்த இடம்தான் குளத்தின் அடி. சுற்றி இருக்கிற இருபது வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். ‘ஊற்றுக்கண் திறந்திருக்கிற வரைக்கும் நமக்கு என்ன கவலை’ என்பார் மாமா. ஆனால் அந்தக் கண்ணை அவர் பார்த்ததில்லை. அவர் அப்பாவும் பார்த்ததில்லை. குளத்தை முழுதாக இறைத்ததே கிடையாதாம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

மாமா உடனே சரி என்றுவிட்டார். அத்தைதான் யோசித்தார். “குடிக்கிற தண்ணி தம்பி. உங்க கடல் உப்பு, எண்ணெய் எதுவும் அதுல கலக்கக் கூடாது.” அவர் சொன்னது நியாயம். உடை, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டர், காலில் மாட்டுகிற ஃபின், கயிறு எல்லாவற்றையும் மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். குளக்கரையில் ஏழு கன்னிமார் கல் இருக்கிறது. அத்தை அதன் முன் சூடம் ஏற்றி, எனக்குத் திருநீறு பூசிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியில் கால் வைத்தேன்.

காலை ஏழு மணி. புல்லெல்லாம் உறைபனி. ஆனால் குளத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஊற்று நீர் ஏறக்குறைய வருஷத்தின் சராசரி வெப்பத்திலேயே நிற்கும் அல்லவா? காற்று எலும்பைக் குத்த, கையை விட்டால் தண்ணீர் இதமாக இருந்தது. கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் 15 டிகிரி காட்டியது. உன் ஊர்க் கடலுக்கு அது ஐஸ்தான்.

பெரிய சிலிண்டரைத் திறந்ததும் எனக்குத் திக்கென்றது. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்து அனுப்பியதாக எழுதியிருந்தாய். முள் 190-க்கும் கீழே நின்றது. கசிவோ என்று வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. அப்புறம்தான் உறைத்தது. புதுச்சேரி வெயிலில் அடைத்த காற்று இந்தக் குளிரில் சுருங்கியிருக்கிறது. நீ கணக்கில் குறை வைக்கவில்லை.

மற்றக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் இரட்டிப்பாகிற அழுத்தம் இங்கே 8 மீட்டரிலேயே இரட்டிப்பாகிவிடும். குளம் 6 மீட்டர் ஆழம். டைவ் அட்டவணை கடல் மட்டத்துக்கு எழுதியது என்பதால் அதில் இதை ஏழரை மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். நல்ல தண்ணீர் உடம்பைக் குறைவாகத்தான் தாங்கும் என்பதால் உடம்பை அமிழ்த்தக் கட்டுகிற ஈயத்தில் இரண்டு கிலோ குறைத்தேன். மாஸ்க் இரண்டு, கத்தி இரண்டு, தனி ரெகுலேட்டரோடு சின்னச் சிலிண்டர் இடது பக்கத்தில். இடுப்பில் கயிறு, மறுமுனை மாமா கையில். ஓர் இழுப்பு என்றால் நலம், மூன்று என்றால் இழு. நூறு டைவ் முடித்தவர்களுக்குத்தான் தனி டைவிங் பயிற்சியே கொடுக்கிறார்கள். நான் அதை முடித்தபோது நீ கூட இருந்தாய். “படிச்சு வை, ஆனா செய்யாத” என்றாய்.

இறங்கியதும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? வலது பக்கம் திரும்பி உன்னைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அங்கே பச்சைத் தண்ணீரும் கருங்கல் சுவரும்தான் இருந்தன. நெஞ்சு ஒரு நொடி அடைத்தது. அங்கேயே நின்று நிதானமாகப் பத்து மூச்சு விட்டேன். பிறகு நீ வழக்கமாக என்னிடம் சரிபார்க்கிற ஒவ்வொன்றையும் உன் வரிசையிலேயே நானே தொட்டுப் பார்த்தேன். பக்கிள், குழாய், காற்று, கயிறு. தனியாக இறங்குவதற்குத் தைரியம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அங்கே தைரியம் தேவைப்படவில்லை. உன்னுடைய பொறுமைதான் தேவைப்பட்டது.

அடியில் ஒரு பிழை செய்தேன். வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று குனிந்தபோது முழங்கால் சேற்றில் பட்டுவிட்டது. இத்தனை வருஷத்துச் சருகும் வண்டலும் ஒரே சமயத்தில் எழும்பின. காபி டம்ளருக்குள் விழுந்தமாதிரி ஆகிவிட்டது. மீட்டரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தும் எண் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்தேன். ஓர் இழுப்பு. மேலிருந்து மாமாவின் ஓர் இழுப்பு வந்தது. ஏறிவிடலாம், தலைக்கு மேலே திறந்த தண்ணீர்தான். இருந்தாலும் காற்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தது, அவசரம் எதுவும் இல்லை. அசையாமல் காத்திருந்தேன்.

சேகர், அப்போதுதான் அதைக் கண்டேன். கலங்கல் மேலிருந்து தெளியவில்லை. அடியிலிருந்து தெளிந்தது. எனக்கு ஒரு முழம் தள்ளி, பழுப்புக்கு நடுவில் தாம்பாளம் அளவுக்கு ஒரு தெளிவு விழுந்தது. அது மெல்ல மெல்ல அகன்றது. நடுவில் வெள்ளை மணல், அரிசி உலை கொதிக்கிறதுபோல் எழும்பி, மடங்கி, விழுந்து, மறுபடி எழும்பியது. ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரிந்தது. காக்காப்பொன் துகள் நடுநடுவே மினுங்கியது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். கன்றுக்குட்டி மூக்கால் முட்டுகிறமாதிரி, விட்டுவிட்டு, கையைத் தள்ளியது. அப்பாவின் தாத்தா காலத்துக்கு முன்னாலிருந்து ஒரு நாள்கூட நிற்காமல் அது தள்ளிக்கொண்டிருக்கிறது. மாஸ்க்குக்குள் அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

இன்னொன்றும் பார்த்தேன். வடக்குச் சுவரோரம் அதே வெள்ளை மணல் ஒரு குழியில் கிடந்தது. இரண்டாவது கண். அதில் அசைவே இல்லை. கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தேன், தள்ளவில்லை.

இருபத்தெட்டு நிமிஷத்தில் ஏறிவிட்டேன். மாமாவிடம் முதல் கண்ணைப் பற்றிச் சொன்னபோது அத்தையை உரக்கக் கூப்பிட்டார். இரண்டாவதைச் சொன்னதும் பேசவில்லை. அப்புறம் வடக்குச் சரிவைக் காட்டினார். அவர் சின்ன வயதில் அது சோலையாக இருந்ததாம். இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம் அடர்ந்து கிடக்கிறது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஆனால் தண்ணீரை அப்படிக் குடிக்கிற மரம் அது, எனக்கும் மனசு அங்கேதான் போகிறது. அவர் பட்டா நிலத்தில் முளைத்திருக்கிற வாட்டில் கன்றுகளை இந்த வாரம் பிடுங்க ஆரம்பித்துவிட்டோம். சோலைக் கன்றுகளை அங்கே நடவேண்டும்.

நீ பங்குனிக்குள் வா. அந்தக் கண்ணில் நீயும் கை வைக்கவேண்டும். ஆனால் வந்த அன்றே இறங்க விடமாட்டேன். கடல் மட்டத்திலிருந்து ஏறி வருகிற உடம்பில் நைட்ரஜன் கூடுதலாகத் தங்கியிருக்கும், ஏற்கெனவே ஒரு டைவ் முடித்த உடம்புக்குச் சமம்; ஒரு ராத்திரி தூங்கிவிட்டுத்தான் தண்ணீர். டைவ் முடித்த கையோடு இன்னும் உயரம் ஏறக் கூடாது என்பதால் அன்றும் கிளம்ப முடியாது. கொடைக்கானல் போகிற பாதை வானாய்வகம் இருக்கிற 2,300 மீட்டர் மேடு ஏறித்தான் இறங்கும். ஆக இரண்டு ராத்திரியாவது தங்கவேண்டும். வீட்டில் சொல்லிவிட்டு வா. அப்பாவும் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வரும்போது உன் பழைய 5 மில்லிமீட்டர் உடையையும் தலையில் மாட்டுகிற உறையையும் எடுத்து வா. இங்கே என்னுடையது ஒன்றுதான் இருக்கிறது. புறப்படுமுன் நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசிவிடு. அத்தை கட்டாயம் கேட்பார்.

அன்புடன்,
பாலு