வானிலை மோசமானால் திரும்பிவிடுங்கள்

நண்பர்களே, வார இறுதியில் சிறு விமானம் ஓட்டிப் பறக்க இருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

தரையைக் கண்ணால் பார்த்தே ஓட்டிப் பழகியவர் மேகத்துக்குள் போய்விட்டால் முதலில் ஏமாற்றுவது காதுதான். மெதுவான திருப்பம் நீடித்தால், உட்காதில் உள்ள திரவம் அதை உணர்த்துவதை நிறுத்திவிடும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். நமக்கோ நேராகப் போவதுபோலவே இருக்கும். உயரம் குறைகிறதே என்று ஸ்டிக்கை (விமானத்தை இயக்கும் பிடியை) பின்னால் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகச் சோதனையில், கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாத 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை!

மேகம்தான் வேண்டும் என்றில்லை. 1999இல் அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தானே ஓட்டிய விமானத்தோடு கடலில் விழுந்து இறந்தது மங்கலான இரவில்தான்.

கிளம்பும் முன் வானிலை அறிக்கையில் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) சேர்த்துப் பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் மூடுபனி இறங்கலாம். எந்த உயரத்துக்குக் கீழே மேகம் வந்தால் திரும்புவது என்று தரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போனால் "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்ற நினைப்பு வந்துவிடும். அப்புறம், பயணத்தை ரத்து செய்தால் தயங்காமல் குழுவில் சொல்லுங்கள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.